எதிராளி வரவில்லை

நெய்வேலி பில்லியர்ட்ஸ் போட்டியில் நான் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தைப் போல அவமானமான காலம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது.

ஜெயித்ததற்குச் சாட்சி, தொழிலாளர் மன்றத்தின் வெளிச்சுவரில் மாட்டியிருந்த கரும்பலகை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு முடிவுகளை அதில் எழுதிவிடுவார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளை ஒரு காலால் ஊன்றி நின்று படித்துவிட்டுப் போவார்கள். பேப்பரில் வரும் கிரிக்கெட்டைவிட அதற்குத்தான் கிராக்கி. பலகையில் ஆட்டக்காரர் பெயரை எழுதுவதில்லை. எல்லா ஜில்லாவிலிருந்தும் வேலைக்கு வந்து குவிந்த ஊர் அது. ஒரே பெயரில் குடியிருப்பு பிளாக்குக்கு நாலு பேர் இருந்தார்கள். அதனால் வேலையை எழுதினார்கள். 'எக்ஸ்ரே 100, டைப்பிஸ்ட் 64', 'கம்பவுண்டர் 71, ஸ்டோர்கீப்பர் 100' என்று இருக்கும். அதற்குக் கீழே என் வரி: 'நர்ஸ், எ.வ.'

எ.வ. என்றால் எதிராளி வரவில்லை. எதிராளி வராவிட்டால் வந்தவருக்கு வெற்றி. எல்லா வரியிலும் எண் இருக்கும், என் வரியில் மட்டும் இந்த இரண்டு எழுத்து. பெண்கள் வார்டில் படுத்திருந்த ஒரு அம்மாள் ஊசி போடக் கையை நீட்டிக்கொண்டே, "நீங்கதானே எ.வ. சிஸ்டர்?" என்று கேட்டாள். அன்றைக்கு ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தியிருப்பேன்.

நான் எப்படி அந்தப் போட்டிக்குள் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில். அப்பாவுக்குத் துரைமார் கிளப்பில் மார்க்கர் வேலை. அதாவது பில்லியர்ட்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் நின்று புள்ளிக் கணக்குச் சொல்வது, காலையில் மேஜையின் பச்சைத் துணியைப் பிரஷ் போட்டு இஸ்திரி போடுவது. இஸ்திரிப் பெட்டியில் கரி நெருப்புப் பிடிக்கிற நேரம் மேஜை சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் நான் குச்சியை எடுத்துவிடுவேன். அப்பா சொல்லிக்கொடுத்தார் என்று நினைக்காதீர்கள். அவர் துரத்தினார். துரத்தத் துரத்தத்தான் எனக்கு ஆட்டம் வந்தது. பிறகு நர்ஸ் படிப்பு, நெய்வேலியில் வேலை, நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரு அறை. பில்லியர்ட்ஸை மறந்தே போயிருந்தேன்.

அதிகாரிகள் கிளப்பில் புது மேஜை வந்ததும் பழையதைத் தொழிலாளர் மன்றத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வந்த வருஷமே போட்டி ஆரம்பித்துவிட்டது. சுரங்கம், அனல்மின் நிலையம், ஒர்க்‌ஷாப், டவுன்ஷிப் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று ஐந்து அணி. அணிக்கு மூன்று பேர். ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு ஒரு தடவை மோதும். ஜெயித்த ஆட்டம் ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். சீசன் முடிவில் அதிகப் பாயிண்ட் எடுத்த அணிக்கு ஷீல்டு. இரண்டாவது வருஷம் சீசன் தொடங்கப் போகும் சமயத்தில் எங்கள் லேப் டெக்னீஷியனுக்குச் சேலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி அணியே கிடையாது. எக்ஸ்ரே எடுப்பவர்தான் கேப்டன். அவர் கேன்டீனில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "நான் ஆடுகிறேன்" என்று சொன்னேன்.

சிரித்தார். கம்பவுண்டரும் சிரித்தார். "வாங்க சிஸ்டர், பந்து எது, குச்சி எதுன்னு காட்டுறேன்" என்று கேப்டன் விளையாட்டாக மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. மேஜையில் மூன்று பந்து. வெள்ளை எனக்கு, புள்ளி வைத்த வெள்ளை எதிராளிக்கு, சிவப்பு இருவருக்கும் பொது. என் பந்து மற்ற இரண்டையும் முட்டினாலும் புள்ளி, பந்தைக் குழியில் தள்ளினாலும் புள்ளி, புள்ளி எடுக்கிற வரை ஒருவரே தொடர்ந்து அடிக்கலாம், யார் முதலில் நூறைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. நான் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்தேன். முதல் அடியிலேயே இரண்டு பந்தையும் முட்டினேன். அடுத்த அடியில் சிவப்பு குழிக்குள் போனது. அப்புறமும் போனது. கேப்டன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார்.

போட்டிச் செயலாளர் டவுன்ஷிப் ஆபீஸில் சூப்பிரண்டெண்ட். சட்டம் பேசுகிறவர், ஆனால் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறவர். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு விதிகளை இரண்டு தடவை படித்தார். 'அந்தத் துறையில் பணிபுரியும் மூவர்' என்றுதான் போட்டிருந்தது. "பொம்பளைங்க ஆடலாம்னும் போடல, கூடாதுன்னும் போடல" என்று பெருமூச்சு விட்டார். "புடவை பந்து மேல பட்டா தப்பாட்டம். அது தெரியுமா?" என்றார். கம்பவுண்டர் வேட்டியில்தான் ஆடுவார். அதைச் சுட்டிக்காட்டினேன். அத்தோடு செயலாளர் என்னையும் அணியில் பதிவு செய்துவிட்டார்.

முதல் ஞாயிறு. டவுன்ஷிப் ஆபீஸோடு ஆட்டம். என் எதிராளி அங்கே டைப்பிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களைப் பதிவு செய்கிற குமாஸ்தா. வந்தார், குச்சியைத் தேர்ந்தெடுத்தார், நுனிக்குச் சாக்பீஸ் தடவினார். பிறகுதான் யாரோடு ஆட்டம் என்று பார்த்தார். பார்த்ததும் அவருக்கு ஒரு சித்தப்பா நினைவுக்கு வந்துவிட்டார். "கடலூர் பஸ்ல சித்தப்பா வர்றாரு, நான் போய் அழைச்சுக்கிட்டு வரணும்" என்று சொல்லிக் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். நான் ஜெயித்தேன்.

அடுத்தது அனல்மின் நிலையம். அந்த ஆள் நேரிடையாகவே பேசினார். "நான் அக்கா தங்கச்சியோட பொறந்தவன். ஒரு பொம்பளப்பிள்ளைக்கு எதிரே குச்சி புடிக்க மாட்டேன்." அக்கா தங்கைகளை வீட்டில் எப்படி நடத்துகிறார் என்று கேட்க நினைத்தேன். கேப்டன் கண்ணாலேயே அடக்கிவிட்டார். மூன்றாவது, ஒர்க்‌ஷாப். அங்கிருந்து ஃபிட்டருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. மறுநாள் சாயங்காலம் அதே ஃபிட்டர் பஸ் ஸ்டாண்டில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். நேராகப் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சல் நின்னுடுச்சு, இன்னும் ரெண்டு பஜ்ஜி சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்காக மேட்ரன் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். கண்டிக்கட்டும்.

அவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. என்னை ஜெயித்தால் பெருமை கிடையாது, தோற்றால் பிளாக்கில் தலை காட்ட முடியாது. அதனால் வராமலே இருந்துவிட்டார்கள். என்னோடு ஆடித் தோற்பதைவிட ஆடாமலே எனக்கு வெற்றியைத் தந்துவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் ஆடாமல் ஜெயிக்கவைப்பது, இந்த இடத்தில் ஆளே இல்லை என்று சொல்வதற்கு ஒரு மரியாதையான வழி. எனக்கு ஷீல்டு வேண்டாம். ஒரே ஒரு ஆட்டம் வேண்டும். அந்தப் பலகையில் என் வரியில் ஒரு எண் வேண்டும், அது எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும். அந்த சீசன் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

இதில் கூத்து என்னவென்றால், எங்கள் கேப்டனுக்கு ஒரே சந்தோஷம். "நீங்க பெஞ்சில சும்மா உக்காந்திருந்தாலே நமக்கு ஒரு பாயிண்ட், சிஸ்டர்! நர்ஸு இருக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரியை யாராலயும் அசைக்க முடியாது" என்று கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். எதிராளி வராதபோது அவரே முந்திக்கொண்டு எனக்காக வெற்றி கேட்டுவிடுவார். வயலுக்கு நடுவே பானைத் தலையோடு நிற்கிற பொம்மை மாதிரி என்னை நிறுத்திவைத்திருந்தார். வராதவர்கள் மேல் வந்த கோபத்தைவிட இவர் மேல் வந்த கோபம் அதிகம்.

கடைசி ஞாயிறு. சுரங்கத்தோடு ஆட்டம். இரண்டு அணியும் சம பாயிண்டில் நின்றன. யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு ஷீல்டு. எனக்குக் காலை டூட்டி. எனக்கு அடுத்த நர்ஸ் நேரத்துக்கு வந்துவிட்டதால் யூனிஃபாரப் புடவையை மாற்றக்கூட நிற்காமல் மன்றத்துக்கு நடந்தேன். உள்ளே நிற்க இடம் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியேயும் நின்றார்கள். கேப்டன் தன் ஆட்டத்தை ஜெயித்தார். கம்பவுண்டர் தோற்றார். ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது ஆட்டம் என்னுடையது.

சுரங்கத்தின் மூன்றாவது ஆள் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். மண் தோண்டுகிற பெரிய இயந்திரத்தில் ஆபரேட்டர். அந்த சீசனில் யாரிடமும் தோற்காதவர், அதுவும் என்னைப் போல இல்லாமல் ஆடி ஜெயித்தவர். செயலாளர் அவரை மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல், "எ.வ.!" என்று கத்தியது. என் காது இரண்டும் கொதித்தன.

சுரங்கத்து அணியில் ஒருவர் எழுந்து சொன்னார்: "அவரு மொத ஷிப்டுங்க. ரெண்டாவது ஷிப்டு ரிலீவரு வரலியாம். ஷிப்டு பஸ்ல வந்தவங்க சொன்னாங்க."

"சாக்கு!" என்றார் எங்கள் கேப்டன். "இத்தனை நாளா சித்தப்பா, காய்ச்சல். இன்னிக்கு ரிலீவர். சார், கால் மணி நேரம் ஆச்சு. நாங்க வெற்றி கேக்குறோம்."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். விதிப்படி கால் மணி நேரம்தான் காத்திருக்கலாம். அவர் பேனாவைத் திறந்தபோது நான் எழுந்தேன்.

"சார், வெற்றியை யார் கேக்கணும்?"

அவர் விதிகளை எடுத்தார். நான் எதிர்பார்த்தபடியே எடுத்தார், பாவம், அதை எடுக்காமல் அவரால் இருக்க முடியாது. "வந்திருக்கிற ஆட்டக்காரர் கேக்கணும்" என்றார்.

"வந்திருக்கிற ஆட்டக்காரர் நான். நான் கேக்கலை."

"சிஸ்டர்!" கேப்டன் என் பக்கம் திரும்பினார். "ஷீல்டு கையில இருக்கு. தட்டி விடாதீங்க. அந்த ஆளும் உங்களுக்குப் பயந்துக்கிட்டுத்தான் வரல, இது புரியலையா?"

புரியாமல் இல்லை. அப்படியும் இருக்கலாம். ஆனால் ரிலீவர் என்ற வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது. அடுத்த ஆள் வந்து கையில் வாங்காதவரை இயந்திரத்தை விட்டு ஆபரேட்டர் இறங்கக் கூடாது. அடுத்த நர்ஸ் வராதவரை நான் வார்டை விட்டு நகரக் கூடாது. ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் சட்டம். தீபாவளியன்று பலகாரம் வீட்டில் ஆறிக்கொண்டிருக்க, ரிலீவரை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர்! அன்றைக்கு என் ரிலீவர் வந்தாள், அவருடைய ரிலீவர் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாறி நடந்திருந்தால் பலகையில் 'நர்ஸ் வரவில்லை' என்று எழுதிவிட்டு, பொம்பளை பயந்துவிட்டாள் என்று சிரித்திருப்பார்கள்.

"நோயாளியை விட்டுட்டு ஓடி வர்ற நர்ஸ் உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டேன். கேப்டனைக் கேட்டேனா கூட்டத்தைக் கேட்டேனா என்று தெரியவில்லை, குரல் பெரிதாகத்தான் வந்தது. "மிஷினை விட்டுட்டு ஓடி வர்றவர் எனக்கு வேண்டாம். ரிலீவர் வரட்டும், அவரும் வரட்டும். நான் காத்திருக்கேன்."

"அவர் வராமலே போயிட்டா?"

"மன்றத்தைப் பூட்டுற வரைக்கும் உக்காந்திருப்பேன். அப்பவும் கேக்க மாட்டேன்."

கேப்டன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றார். நான் குச்சியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த ஆள் வராவிட்டால் அணிக்கும் துரோகி, ஊருக்கும் சிரிப்பு. கூட்டம் டீ குடிக்கப் போனது, திரும்பி வந்தது. அடுத்த ஷிப்டு பஸ்ஸும் வந்து போனது. அதிலும் அவர் இல்லை. கம்பவுண்டர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "போதும்மா, கேட்டுடு" என்றார். தலையாட்டி மறுத்தேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சைக்கிள் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. காக்கி உடுப்பும் புருவமும் ஒரே புழுதியாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போனார். போனவர் குழாயடியில் நின்று முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். புழுதிக் கையோடு பச்சைத் துணியைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"மன்னிச்சிக்கங்க சிஸ்டர்" என்றார் வந்து. "ரிலீவரு வூட்ல ஏதோ கஷ்டம், லேட்டாத்தான் வந்தாரு. பஸ்ஸ விட்டுட்டேன். நீங்க கெளம்பியிருப்பீங்கன்னு நெனச்சிக்கினுதான் மிதிச்சேன்."

"ஆடலாமா?"

"ஆடத்தானங்க இம்மாந்தூரம் வந்துகினு இருக்கேன்!"

ஆடினோம். நான் முதலில் முன்னேறினேன். நாற்பதைத் தாண்டியபோது அவர் இருபதில் இருந்தார். அவருடைய சுலபமான அடிகள்கூடத் தவறிக்கொண்டிருந்தன. எனக்குச் சுருக்கென்றது. மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய், "எனக்காக விட்டுக்குடுத்தீங்கன்னா குச்சியைக் கீழ வெச்சிடுவேன்" என்றேன்.

"விட்டுக்குடுக்கறதா?" கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "காலையிலேர்ந்து மிஷினோட ஆடிகினு இருந்த கை. இன்னும் நிக்கல. சித்த பொறுங்க, அப்புறம் பாருங்க."

அப்புறம் பார்த்தேன். கை நின்றதும் அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! எழுபது, எண்பது என்று இருவரும் மாறி மாறி ஏறினோம். இப்போது யாரும் நான் புடவை கட்டியிருப்பதைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தார்கள். நான் எண்பத்து மூன்றில் இருந்தபோது மேஜையின் நடுவரை எட்ட வேண்டிய ஒரு அடி. ஒரு காலைத் தரையில் ஊன்றி, முந்தானையை இன்னொரு தடவை இறுக்கிச் சொருகி, நன்றாகக் குனிந்தேன்.

டிக் என்று ஒரு சத்தம்.

நாடி பார்ப்பதற்காக யூனிஃபாரத்தில் தலைகீழாகக் குத்தித் தொங்கவிட்டிருந்த என் கடிகாரம் சிவப்புப் பந்தை முட்டியிருந்தது. பழகியபோதெல்லாம் லீவு நாள் புடவையில் பழகினேன், கடிகாரம் இருந்ததில்லை. ஊரே என் புடவையைக் காவல் காத்துக்கொண்டிருக்க, கடிகாரம் காலை வாரிவிட்டது. தப்பாட்டம். முறை அவருக்குப் போயிற்று. கூட்டம் சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தோடு. கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அடுத்த முறைக்குத் தயாராக நின்றேன். அடுத்த முறை வரவில்லை. அவர் நிறுத்தாமல் நூறு வரை போனார்.

ஷீல்டு சுரங்கத்துக்குப் போயிற்று. எங்கள் கேப்டன் என்னைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஷீல்டு போனதில் வருத்தமா என்று கேட்டால், கம்பவுண்டர் முகத்தைப் பார்த்தபோது இருந்தது. கேப்டன் முதுகைப் பார்த்தபோது இல்லை.

செயலாளர் வெளிச்சுவரில் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வரியை எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனுஷர்தான். "ஷீல்டு சுரங்கத்துக்குன்னு மட்டும் போட்டுடட்டுமா, சிஸ்டர்? இத்தனை நாள் தோக்காதவங்க. காலையில ஷிப்டுக்குப் போறவன்லாம் நின்னு படிப்பான். உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?"

"சங்கடம் இத்தனை நாள் இருந்தது சார். இப்ப இல்லை. எண்ணைப் போடுங்க."

'ஆபரேட்டர் 100' என்று எழுதினார். 'நர்ஸ்' என்று எழுதினார். அங்கே கை நின்றது. நான் சாக்பீஸை அவர் கையிலிருந்து வாங்கி, மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக 83 என்று எழுதினேன். சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த ஆபரேட்டர் அதைப் பார்த்துவிட்டு, "அந்த வாட்ச் மட்டும் இல்லன்னா நான் தோத்திருப்பேன்" என்றார்.

"அடுத்த வருஷம் வாட்சைக் கழட்டி வெச்சுட்டு வர்றேன்" என்றேன்.

மறுநாள் வார்டில் அதே அம்மாள் கையை நீட்டிக்கொண்டு, "தோத்துட்டீங்களாமே, சிஸ்டர்!" என்றாள். ஆமாம், ஆடித் தோற்றேன் என்று சொன்னேன். அன்றைக்கு ஊசி வலித்திருக்காது.

அடுத்த சீசனின் முதல் ஞாயிறு மறுபடி டவுன்ஷிப் ஆபீஸோடு ஆட்டம். அதே குமாஸ்தா எனக்கு முன்பே வந்து, குச்சி நுனிக்குச் சாக்பீஸ் தடவிக்கொண்டு நின்றார். இந்தத் தடவை என்னைப் பார்த்தும் குச்சியைச் சுவரில் சாய்க்கவில்லை.

"சித்தப்பா சௌக்கியமா?" என்று கேட்டேன்.

கழுத்துவரை சிவந்து, "சௌக்கியம்தான்" என்றார்.

அவர் வந்ததே போதும் என்று நான் பெருந்தன்மையாக விட்டுவிடவில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவரை நாற்பதைத் தாண்ட விடாமல் ஜெயித்தேன். அன்று சாயங்காலம் பலகை முன்னால் போய் நின்று, என் வரியை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பக்கத்தில் சைக்கிளை ஊன்றி நின்ற ஒருவர், "யாருங்க இந்த நர்ஸு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.